கைராசி மட்டும் போதுமா?

சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பையனின் பெயருக்குப் பதில் வரவில்லை. "ஸார், அவன் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான்" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பாசிரியன் என்ற முறையில் அவனுடைய இன்ஸுலின் மருந்தைக் குளிர்ச்சியாக வைத்துக் காப்பாற்றுவது என் பொறுப்பு. அவனுக்கு வந்திருப்பது நம்மில் பல பேருக்கு நாற்பது வயதுக்கு மேல் வருகிற சர்க்கரை நோய் அன்று. கணையம் இன்ஸுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும் முதல் வகை நோய். மத்தியான மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வருவான். மூலையில் திரும்பி நின்று தானே ஊசி போட்டுக்கொள்வான். பிறகு சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பான். இரண்டு வருஷமாக இது நடந்துவந்தது.

தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். தினம் பத்திரிகை படிக்கிறவர். பிள்ளை ஆயுள் முழுவதும் ஊசி குத்திக்கொள்ள வேண்டுமே என்ற வேதனை அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, சர்க்கரை வியாதியை ஒரு மண்டலத்தில் வேரோடு பிடுங்குவதாகச் சொன்னார். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த விடுதியில் தம்மைக் காணலாம் என்ற பட்டியலும் ஓடியது. எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிர் விடுதியும் அதில் இருந்தது.

தகப்பனார் பையனை அழைத்துக்கொண்டு போனார். அறை வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். உள்ளே சுவர் முழுவதும் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். வைத்தியர் நாடி பிடித்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு இரண்டு டப்பா சூரணம் கொடுத்தார். "ஊசியை நிறுத்தினால்தான் இந்த மருந்து வேலை செய்யும்" என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் பையன் வாந்தி எடுத்தான். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. அதில் அழுகிய பழ வாசனை வீசியது. விடுதி வைத்தியரின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அவர் அதற்குள் பட்டியலிலிருந்த அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நினைவு தப்பிய பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்ஸுலின் இல்லாவிட்டால் உடம்பு சர்க்கரையை எரிக்க மாட்டாமல் கொழுப்பை எரிக்கிறது. அதனால் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் இரத்தத்தை அமிலமாக்கிவிடுகிறது. 1922-ம் வருஷத்தில் இன்ஸுலின் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் வரையில், இந்நோய் கண்ட குழந்தைகள் உலகெங்கும் இப்படித்தான் மடிந்தார்கள்.

பையன் பிழைத்தான். நான் பார்க்கப் போனபோது தகப்பனார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் கைராசிக்காரர் என்றார்கள், ஸார்" என்று ஆரம்பித்தவர், சிறிது நேரம் கழித்து வேறொன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டுமென்று தோன்றியது.

விடுதிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் பையனைத் தாலுகா ஆஸ்பத்திரியின் சித்த மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே முறையாகப் பட்டம் பெற்ற ஒரு பெண் டாக்டர், காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த நோய்க்கு இன்ஸுலினுக்குப் பதிலாகக் கொடுக்க எங்களிடம் மருந்து இல்லை. ஒரு வேளைகூட ஊசியை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை, இவருக்குத் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன், ஸார்" என்றார் தகப்பனார்.

தெரிந்தவர் "முடியாது" என்றார்; தெரியாதவர் "முடியும்" என்றார். படித்த மனிதர் ஒருவர் தெரியாதவரை நம்பினார். இந்தத் தவறை அவர் ஒருவர் மட்டுமா செய்கிறார்? நாம் எல்லோரும் செய்கிறோம். வைத்தியருக்குப் பட்டமும் பதிவும் ஒழுக்க விதியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை. "இது என்னால் ஆகாது" என்று சொல்லும் அறிவையும் கடமையையும் வைத்தியருக்குக் கொடுப்பதற்காகத்தான் அவை இருக்கின்றன.

பழைய நாளில் சான்றிதழ் இருந்ததா?

"நம் பாட்டன் காலத்து வைத்தியர் எந்தக் கல்லூரியில் படித்தார்? எந்தக் கவுன்சிலில் பதிந்தார்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பழைய வைத்தியருக்குக் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணுவது பிசகு.

சரக சம்ஹிதை என்ற புராதன ஆயுர்வேத நூல் நோய்களை எளிதில் தீருவன, சிரமப்பட்டுத் தீர்க்க வேண்டியவை, தீராவிட்டாலும் அடக்கிவைக்கக் கூடியவை, தீர்க்கவே முடியாதவை என்று பிரிக்கிறது. தீராத நோயைத் தீர்ப்பதாக ஏற்றுக்கொள்ளும் வைத்தியன் தன் பொருளையும் புகழையும் இழப்பான் என்று எச்சரிக்கிறது. வைத்தியம் கற்க வரும் மாணவன் குருவின் முன் ஏற்க வேண்டிய உறுதிமொழிகளையும் சொல்லுகிறது. நோயாளியின் வீட்டு விஷயங்களை வெளியே சொல்லக் கூடாது, தன் கல்வியைப் பற்றிப் பெருமை பேசித் திரியக் கூடாது என்பன அவற்றில் சேர்ந்தவை. நம் வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து கொடுப்பவர் என்று நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார். வைத்தியரும் கணக்கில் ஒரு பங்குதான். அவரே எல்லாமும் அல்லர்.

இவற்றுக்கு மேலாக, ஊர் என்ற ஒரு பரிசோதகர் அன்று இருந்தார். வைத்தியர் அதே தெருவில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தார். அவர் கொடுத்த மருந்தால் ஒரு குழந்தைக்குக் கெடுதல் நேர்ந்தால், மறுநாள் காலை அந்தக் குழந்தையின் பாட்டியை அவர் குளத்தங்கரையில் சந்தித்தாக வேண்டும். கைராசி என்ற சொல்லுக்கு அன்று பொருள் இருந்தது. ஐம்பது வருஷம் ஒரே ஊர் பார்த்துக் கொடுத்த நற்சாட்சி அது.

இன்று பஸ் இருக்கிறது, விடுதி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, செல்போனில் ஓடும் படக்காட்சி இருக்கிறது. வைத்தியர் காலையில் ஒரு ஊரிலும் மாலையில் வேறொரு ஊரிலும் இருக்கிறார். பாட்டியைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தெரு செய்துவந்த வேலையைச் செய்ய இப்பொழுது ஒரு பதிவேடு வேண்டியிருக்கிறது.

சென்னையில் பிறந்த விவாதம்

இந்தப் பதிவேட்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு. ஆங்கில ஆட்சியில் மேல்நாட்டு வைத்தியத்துக்கே சர்க்கார் ஆதரவு இருந்தது. சுதேச வைத்தியத்துக்கும் பொதுப் பணத்தில் இடம் வேண்டுமென்ற கோரிக்கை, சுயராஜ்யக் கோரிக்கையோடு சேர்ந்தே வளர்ந்தது. 1921-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் முகம்மது உஸ்மான் அவர்களின் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. மேல்நாட்டு வைத்தியமும் கற்று ஆயுர்வேதத்திலும் தேர்ந்த காப்டன் ஸ்ரீநிவாசமூர்த்தி அதற்குக் காரியதரிசி. 1923-ல் வெளிவந்த அறிக்கை, இந்திய வைத்திய முறைகளுக்குச் சாஸ்திர அடிப்படை உண்டென்று வாதித்தது; கூடவே முறையான பள்ளிக்கூடமும் வைத்தியர்களுக்குப் பதிவும் வேண்டுமென்றது. அதன் பலனாக அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே சென்னையில் அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி ஆரம்பமாயிற்று. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஸ்ரீநிவாசமூர்த்தியே அதன் முதல் தலைவர்.

கவனியுங்கள்: பதிவு வேண்டுமென்று கேட்டவர்கள் சுதேச வைத்தியத்தின் எதிரிகள் அல்லர், அதன் நெருங்கிய நண்பர்கள்.

காந்தியடிகள் இந்த விஷயத்தில் தாட்சண்யம் காட்டவில்லை. 1921 பிப்ரவரியில் தில்லியில் திப்பியா கல்லூரியைத் திறந்துவைத்தபோது, மேல்நாட்டு விஞ்ஞானிகளிடம் உள்ள ஆராய்ச்சி வேட்கை நம் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் இல்லையே என்று வருந்தினார். 1925-ல் கல்கத்தாவில் ஓர் ஆயுர்வேதக் கலாசாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டும்போதும் வைத்தியர்களைக் கடிந்துகொண்டார். ஆண்மை விருத்தி லேகியங்களுக்கு அவர்கள் செய்யும் விளம்பரங்கள் அவருக்குப் பெரும் அருவருப்பைத் தந்தன. சுதேசியம் என்பதற்காக ஒரு பொருளின் குறையை மூடி மறைப்பது சுதேசிக்கே துரோகம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கதரிலும் கலப்பட நூலை அவர் சகித்ததில்லை அல்லவா?

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திரத்துக்குப் பின்பு காரியங்கள் மெதுவாக நகர்ந்தன. 1964-ல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1970-ம் வருஷத்துச் சட்டத்தின்படி இந்திய மருத்துவத்துக்கு மத்திய கவுன்சில் அமைந்தது. 1973-ல் ஹோமியோபதிக்குத் தனிச் சட்டம் வந்தது. 1982-ல் இந்திய வைத்தியர்களுக்கென்று தொழில் ஒழுக்க விதிகள் பிறந்தன. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 2020-ம் வருஷத்துச் சட்டம் பழைய மத்திய கவுன்சிலை எடுத்துவிட்டு, இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையத்தை ஏற்படுத்தியது. ஒழுக்கத்தையும் பதிவையும் கவனிப்பதற்கென்றே அதில் தனி வாரியம் உண்டு. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்களுக்கு 1997-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் தனிக் கவுன்சிலும் பதிவேடும் இருக்கின்றன.

இன்று சித்த மருத்துவப் பட்டம் பெற, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம் படிக்க வேண்டும். குணபாடமும் நாடிச் சோதனையும் படிப்பதோடு உடற்கூறும் உடலியலும் படிக்கிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரி அம்மாள் அந்தப் பையனின் காகிதங்களைப் பார்த்ததும் அபாயத்தை உணர்ந்தது இதனால்தான்.

அப்படியானால் விடுதிச் சுவரில் தொங்கிய சான்றிதழ்கள் என்ன? அவற்றைத் தகப்பனார் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தார்; நான் பார்த்தேன். ஏதோ சங்கங்கள் கொடுத்த கௌரவப் பட்டங்கள். தபால் மூலம் பெற்ற "மாற்று மருத்துவ" பட்டம் ஒன்று. மாநாட்டில் மாலை போட்டுக்கொண்ட புகைப்படம் ஒன்று. கவுன்சில் பதிவு எண் எதிலும் இல்லை. அங்கீகாரமில்லாத மருத்துவ முறைகளில் பட்டப்படிப்பு நடத்த அனுமதிக்கக் கூடாது என்றும், அங்கீகாரம் பெற்ற முறைகளைச் சேர்ந்தவர்களே டாக்டர் என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் மத்திய சுகாதார இலாகா 2003 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடைக்காரர் அந்த உத்தரவைப் படிப்பதில்லை.

விளம்பரத்தைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. அது புதிதல்ல, 1954-ம் வருஷத்தது. குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது தடுக்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய், புற்றுநோய், பக்கவாதம், குருடு, வெண்குஷ்டம், உடற்பருமன் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆகவே அந்த இரவு தகப்பனார் பார்த்த விளம்பரம் எழுபது வருஷத்துச் சட்டத்துக்கு விரோதமானது. 2024-ல் ஒரு பெரிய ஆயுர்வேத மருந்து நிறுவனம் இத்தகைய விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தின் கோபத்துக்கு ஆளாகி, பத்திரிகைகளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. பெரியவர்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பஸ் நிலைய விடுதிகளை யார் பார்ப்பது? புகார் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். நாமோ வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம்.

பரம்பரை வைத்தியரின் வழக்கு

இந்தக் கேள்விக்கு மறுபுறமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தவறியவனாவேன்.

என் தாயாரின் ஊரில் ஒரு முதியவர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். தகப்பனிடம் கற்ற வித்தை. மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும்தான் கருவிகள். கூலியென்று எதையும் கேட்டதில்லை. கட்டிய பிறகு நோயாளியின் விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்த நகம் மறுபடியும் சிவக்கிறதா என்று கவனிப்பார். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப் போனாலோ இராத்திரி எந்நேரமானாலும் வந்து கட்டை அவிழ்த்துக்கொள்ளும்படி சொல்லுவார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் தொடவே மாட்டார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

இவரிடம் பட்டம் இல்லை. ஆயினும் இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்தால், சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். அதை அறியாத வேறு கைகளால் போட்ட கட்டுகளால் கையை இழந்த குழந்தைகளும் நாட்டில் இருக்கிறார்கள். இந்த முதியவரையும் அந்த விடுதிக்காரரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடலாமா?

சட்டமும் ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. 1970-ம் வருஷத்துச் சட்டம் வந்தபோது, பதிவேடு இல்லாத மாநிலங்களில் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தவர்களின் உரிமையை அது காப்பாற்றியது. ஆனால் அந்தச் சலுகை அன்றைய தலைமுறைக்கு. பேரன்மாருக்குச் சொத்துப்போல் இறங்குவதன்று. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. பயிற்சியும் தகுதியும் இல்லாதவர்கள் வைத்தியம் செய்வது சமூகத்துக்குப் பெரிய ஆபத்து என்று சொல்லி, பதிவில்லாமல் தொழில் நடத்தும் உரிமையை மறுத்துவிட்டது.

இதற்கு நடுவே வேறொரு வழியும் தோன்றியிருக்கிறது. பெங்களூரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு இந்தியத் தரக் கவுன்சில் நாட்டு வைத்தியர்களுக்கு விருப்பச் சான்றிதழ் கொடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. எலும்புக் கட்டு, காமாலை, விஷக்கடி, பிரசவம் பார்த்தல் என்று அவரவருடைய தனித் துறையில் மட்டும் அறிவையும் கைத்திறனையும் சோதித்துச் சான்று கொடுப்பது அதன் நோக்கம். கவுன்சில் பதிவுக்கு அது ஈடாகாது. சான்று பெற்றவர் டாக்டர் ஆகிவிடுவதும் இல்லை. ஆனாலும் அதன் பின்னுள்ள எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஒருவருக்கு எது தெரியும் என்று எழுதிக் கொடுக்கும்போதே, எது அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டது என்றும் எழுதியாகிவிடுகிறது.

எல்லை தாண்டுவது பட்டம் பெற்றவர்களுக்கும் குற்றமே. 1992-ல் பம்பாயில் ஹோமியோபதி படித்த ஒரு மருத்துவர், காய்ச்சல் கண்டவருக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்துவந்தார். நோயாளி இறந்துபோனார். அவருடைய மனைவி உச்ச நீதிமன்றம் வரை போராடினார். தாம் கற்காத முறையில் வைத்தியம் செய்கிறவர் போலி வைத்தியரே என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கும்படி ஆயிற்று. அவர் கையில் இருந்தது உண்மையான பட்டம்தான். அதன் எல்லையை அவர் மதிக்கவில்லை.

டப்பாவுக்குள் என்ன?

வைத்தியரைப் பற்றிச் சொன்னது மருந்துக்கும் பொருந்தும். சித்த வைத்தியத்தில் பாதரசம், கந்தகம், ஈயம், தாளகம் முதலியவற்றைச் சுத்தி செய்து, புடம் போட்டுப் பற்பமாகவும் செந்தூரமாகவும் முடிக்கிறார்கள். அளவும் பக்குவமும் அனுபானமும் தப்பினால் அமிர்தம் விஷமாகும் என்று பழைய வைத்தியர்களே எச்சரித்தார்கள். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய எழுபது ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்ஸெனிக்கோ இருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டு நம்மில் சிலர் மேல்நாட்டார் சூழ்ச்சி என்று கோபித்தார்கள். இந்திய சர்க்கார் கோபித்துக்கொண்டு நிற்காமல், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் இந்த உலோகங்களைச் சோதிக்க வேண்டுமென்று 2006 முதல் கட்டாயமாக்கியது. அதுவே சரியான பதில். வேறு தேசத்துக் குழந்தைக்குக் காட்டும் அக்கறையை நம் வீட்டுக் குழந்தைக்கும் காட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

இன்னொரு மோசம் இதைவிடக் கொடியது. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் விற்கப்படும் சில பெயரற்ற பொடிகளில் ஆங்கில மருந்தாகிய ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். மூன்றே நாளில் வலி பறந்துவிடும். "மூலிகையின் மகிமை" என்று ஊர் பேசும். சில மாதங்களில் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கைராசி என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு பங்கு இந்தக் கலப்படத்தின் ராசி என்று யாருக்குத் தெரியும்?

கடையில் விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்தின் மேல் உற்பத்தி உரிம எண்ணும், தொகுதி எண்ணும், சேர்ந்துள்ள சரக்குகளின் பெயரும் அச்சிட்டிருக்க வேண்டுமென்பது சட்டம். விஷச் சரக்குகள் சேர்ந்த மருந்தாயின் வைத்தியரின் மேற்பார்வையில் சாப்பிட வேண்டுமென்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். பதிவு பெற்ற வைத்தியர் தம் சொந்த நோயாளிக்காகத் தாமே தயாரித்துக் கொடுப்பதற்கு உற்பத்தி உரிமம் வேண்டியதில்லை. அந்தச் சலுகை அவர்மேல் வைத்த நம்பிக்கை. நம்பிக்கைக்குரியவர், மருந்தில் என்ன இருக்கிறது என்று நோயாளி கேட்டால் மறைக்க மாட்டார்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டியவை

சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் வைத்தியரிடம் போவதில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போல நான் என் வீட்டில் நான்கு கேள்விகளைச் சொல்லி வைத்திருக்கிறேன். நேயர்களுக்கும் உதவலாம்.

முதலாவது: உங்கள் பதிவு எண் என்ன, எந்தக் கவுன்சிலில்? முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். மருந்துச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்.

இரண்டாவது: இந்த மருந்தின் பெயர் என்ன, இதில் என்ன சேர்ந்திருக்கிறது? "குலரகசியம்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது: இப்பொழுது சாப்பிடும் மருந்தை நான் நிறுத்த வேண்டுமா? நிறுத்தச் சொன்னால், முன்பு அந்த மருந்தைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. இன்ஸுலின், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, இருதய மருந்து இவற்றில் இந்த எச்சரிக்கை உயிர் காக்கும்.

நான்காவது: எந்த அறிகுறி கண்டால் உங்களை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. தம் வைத்தியம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவரே இதற்குப் பதில் சொல்ல முடியும். என் தாயாரின் ஊர் முதியவர் கேட்காமலே சொன்னார். விடுதிக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விகளை ஆங்கில வைத்தியரிடம் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசியமில்லாத சோதனைகளும் கமிஷனும் அங்கே இல்லையென்று யார் சொல்ல முடியும்? அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். நம் முன்னோர் வைத்தியத்தில் நமக்குப் பற்று இருக்குமானால், அதற்கு மட்டும் சலுகை கேட்பது அதைத் தாழ்த்துவதாகும். பரீட்சை எழுதாமல் தேர்ச்சி கேட்கிற மாணவனுக்காக எந்த ஆசிரியரும் பெருமைப்பட மாட்டார்.

பையன் புரட்டாசி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினான். மெலிந்திருந்தான். மத்தியான மணி அடித்ததும் பழையபடி ஆசிரியர் அறைக்கு வந்தான். மூலைக்குப் போகாமல் என் மேஜைக்கு அருகிலேயே நின்று ஊசி போட்டுக்கொண்டான்.

போன மாதம் தகப்பனாரைத் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். அவருடைய தாயாருக்கு முழங்கால் வலி; சித்த மருத்துவப் பிரிவின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "அந்த அம்மாளிடம்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாம், ஸார்" என்றார். "முடியாததை முடியாது என்று சொன்னவர் அல்லவா? முடியும் என்று சொன்னால் நம்பலாம்."